தொகையிடத்தக்க புல மாதிரிகளில் சிதறல் கோட்பாடு

தொகையிடத்தக்க சார்பியல் குவாண்டம் புல மாதிரிகள் ஓர் இடப் பரிமாணமும் ஒரு காலப் பரிமாணமும் கொண்ட வெளியில் அமைபவை. இவற்றில் காப்பு விதிகள் எண்ணிறந்தவை. ஆகவே மோதலில் துகள் புதிதாகப் பிறப்பதுமில்லை, மறைவதுமில்லை. உந்தங்களின் தொகுதியும் மாறாது. பல துகள் மோதல் இருதுகள் மோதல்களாகப் பிரிந்துவிடும்: மூன்று துகள்களுக்கு 3 காரணிகள், பத்துக்கு 45. சிதறல் அணி முழுவதையும் ஒரே ஓர் இருதுகள் சார்பு தீர்மானிக்கிறது. ஐசிங் மாதிரியில் அது −1 என்னும் மாறிலி. சின்ஷ்-கார்டன் மாதிரியில் இரு துகள்களின் விரைவு வேறுபாடு சுழியாகும்போது அது −1. வேறுபாடு கூடக்கூட 1ஐ நெருங்கும்.

இத்தகைய சார்புகளைச் சமச்சீர்மையிலிருந்தே கண்டறியும் வழியை 1979இல் சமோலோட்சிகோவ் சகோதரர்கள் வகுத்தார்கள். ஆனால் அப்படிக் கிடைத்த சிதறல் அணிக்கு உரிய புலக் கோட்பாடு உண்மையில் இருக்கிறதா? சிதறல் அணி என்னும் விடை கையில் இருந்தது, அதைத் தரும் கோட்பாடு இல்லை. புள்ளியில் அமையும் புலங்களை முடிவிலாத் தொடராக எழுதலாம். அத்தொடர் குவிகிறது என்று காட்டுவதுதான் கடினம்.

1990களின் பிற்பகுதியில் பெர்ட் ஷ்ரோயர் வேறு பாதையைத் திறந்தார். புலத்தைப் புள்ளியில் அன்றி, முடிவிலிவரை விரியும் ஆப்பு வடிவப் பகுதியில் வைத்தால் அதை எளிதாக எழுதிவிடலாம். புலங்களிலிருந்து மோதல் நிலைகளைக் கட்டும் ஹாக்–ருயல் சிதறல் கோட்பாட்டுக்கோ இது போதாது. இடப்புற ஆப்பில் ஒன்று, வலப்புற ஆப்பில் ஒன்று என இரு துகள்களைப் பிரித்து நிறுத்தலாம், மூன்றாவதற்கு இடமில்லை. அதற்கு இரு ஆப்புகள் வெட்டும் இரட்டைக் கூம்பில், அற்பமல்லாத அளவிடத்தக்க கணியங்கள் வேண்டும். அவை இருப்பதற்கான நிபந்தனையை 2004இல் புக்ஹோல்ஸும் லெக்னரும் தந்தார்கள். 2008இல் காண்டால்ஃப் லெக்னர், ஒரு பெரிய சார்பு வகுப்புக்கு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட இரட்டைக் கூம்புகளில் அது நிறைவேறுகிறது என்று நிறுவினார்.

அதன்பின் ஹாக்–ருயல் முறையில் கணக்கிட்டால், தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அதே சிதறல் அணி வெளிவருகிறது. அதைவிட முக்கியமானது, கோட்பாட்டின் எல்லா நிலைகளும் மோதல் நிலைகளால் நிரம்பிவிடுகின்றன என்பது. வேகமான துகள் இடப்புறம் நின்றால் அது வரும் நிலை, வலப்புறம் நின்றால் போகும் நிலை. விரைவுகள் வரிசையாக உள்ள இடங்களில் அலைச்சார்பு பெறும் மதிப்புகளே ஒரு நிலையை முழுதாகத் தீர்மானித்துவிடுவதால் இந்த முழுமை கிடைக்கிறது. கிளிம், ஜாஃபி போன்றோர் கட்டிய பல்லுறுப்பு மாதிரிகளிலேகூட எல்லா ஆற்றல்களுக்கும் இது நிறுவப்படவில்லை. இடைவினையுள்ள சார்பியல் கோட்பாட்டில் இது அரிய வெற்றி.

கட்டுண்ட நிலைகள் உள்ள மாதிரிகளில் சிதறல் சார்புக்கு முனைவுகள் தோன்றுகின்றன. அங்கே ஷ்ரோயரின் எளிய புலங்கள் செல்லா. டேனியலா கடமுரோவும் யோ தனிமோட்டோவும் 2015 முதல் அவற்றுக்குத் திருத்த உறுப்பு சேர்த்து, இரு ஆப்புகளின் புலங்கள் வலுவற்ற பொருளில் பரிமாறுவதைக் காட்டியுள்ளார்கள்.