வீட்டுக்கு அடியில் என்ன இருக்கு? பல்லாவரமும் 100 மீட்டர் கோடும்

தென்சென்னைப் புறநகரில் யாராவது பழைய வீட்டை இடிச்சுட்டு ஃபிளாட் கட்டப் போறாங்கன்னா பேச்சு எப்பவும் ஒரே மாதிரிதான் போகும். எத்தனை கிரவுண்டு, ரோடு எத்தனை அடி, பில்டருக்கு எத்தனை பங்கு, நமக்கு எத்தனை ஃபிளாட். பல்லாவரத்தில் மட்டும் கூடவே இன்னொரு கேள்வி வரும்: "தொல்லியல் துறை என்ஓசி வேணுமா?" இந்த எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தினது.

ஊரை முதல்ல சொல்லிடறேன். நான் இருக்கிறது காட்டாங்குளத்தூர். இங்க லோக்கல் ட்ரெயின் ஏறினா பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், தாம்பரம், அப்புறம் பல்லாவரம். பாதை நெடுக ஜன்னல்ல தெரியறது கல் மலை, ஏரி, அதை ஒட்டி புதுசா எழும்புற ஃபிளாட். அந்த மலையடிவாரங்கள்ல ஆங்காங்கே வட்டமா அடுக்கின கற்கள் இருந்தது, சில இடத்துல இன்னும் இருக்கு. ஊர்க்காரங்க "பாண்டவர் குழி"ன்னு சொல்லுவாங்க. யார் வெச்சதுன்னு தெரியாத கல்லை எல்லாம் பாண்டவர் கணக்குல எழுதறது நம்ம வழக்கம்தானே.

தொல்லியல்காரங்க இதைப் பெருங்கற்கால ஈமச்சின்னம்னு சொல்றாங்க. இறந்தவரோட எலும்பு, பானை, இரும்புக் கருவி எல்லாத்தையும் மண்ணுக்குள்ள வெச்சு மேல கல்லைக் குவிச்சது. கல் பலகைகளைப் பெட்டி மாதிரி நிறுத்தினா அது கல்பதுக்கை. சுட்ட மண்ணுல நீளத் தொட்டி செஞ்சு, அடியில் வரிசையா கால்கள் வெச்சா அது ஈமப்பேழை. இதுக்கெல்லாம் அவங்க தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் நெல் விளையாத, தண்ணி நிக்காத மேட்டு நிலம். பின்னாடி நாம மனை போட்டு வித்ததும் அதே மேட்டு நிலத்தைத்தான். அதனால வீடும் கல்லறையும் ஒரே இடத்துல வந்து நின்னது தற்செயல்னு நான் நினைக்கல.

பல்லாவரத்துக்கு வருவோம். 1863 மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் ராணுவ மைதானத்துல சரளைக்கல்லுக்காகத் தோண்டின ஒரு பள்ளத்துக்குள்ள எட்டிப் பார்க்கிறார். அங்க கிடைச்சதுதான் பழைய கற்காலக் கைக்கோடரி. இந்தியாவுல பழைய கற்காலக் கருவின்னு அடையாளம் கண்டது அதுதான் முதல். அப்போ அவருக்கு 28 வயசு. ஐரோப்பாவிலேயே மனுஷனோட பழமை பத்தி சண்டை ஓயாத காலம் அது. அதே வருஷம் செப்டம்பர்ல அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்குப் போனாங்க. அந்த இடத்துக் கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் வரைக்கும் வயசு போகும்னு 2011ல் வெளியான ஆய்வு சொல்லுச்சு. எல்லாத்துக்கும் ஆரம்பம் பல்லாவரத்துப் பள்ளம். கவனிங்க, அதை ஃபூட் தோண்டல. கட்டட வேலைக்குக் கல் எடுக்க வேற யாரோ தோண்டினது. அவர் செஞ்சது, மூடறதுக்கு முன்னாடி பார்த்தது.

அடுத்து 1880கள். அலெக்சாண்டர் ரீ, பின்னாடி ஆதிச்சநல்லூரைத் தோண்டினவர், பல்லாவரம் மலைப் பக்கம் ஈமக்காட்டை ஆராய்ஞ்சு சுடுமண் ஈமப்பேழைகளை வெளிய எடுத்தார். அதே மலையில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒண்ணும் இருக்கு. இப்போ அது தர்கா. ஆக கைக்கோடரி, ஈமப்பேழை, பல்லவர் குடைவரை, தர்கா, ராணுவ முகாம், அப்புறம் நம்ம வீடுகள். இத்தனையும் ஒரே ஸ்டேஷன்ல இறங்கி நடந்து பார்க்கிற தூரத்துக்குள்ள.

இப்போ பிரச்சினைக்கு வரேன். ஜமீன் பல்லாவரத்துல ஈமச்சின்னம் இருக்கிற பகுதி மத்திய தொல்லியல் துறையோட பாதுகாக்கப்பட்ட இடம். 1992 ஜூன் 16ல் வந்த ஓர் அறிவிக்கை, இந்தியா முழுக்க இப்படிப்பட்ட இடங்களோட எல்லையிலிருந்து 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதின்னும், அதுக்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதின்னும் சொல்லுச்சு. 2010ல் சட்டத்தையே திருத்தி அதைக் கெட்டிப்படுத்தினாங்க. தேசிய நினைவுச்சின்ன ஆணையம் அப்போ வந்ததுதான்.

நடைமுறையில இதுக்கு என்ன அர்த்தம்? உங்க தாத்தா 1975ல் கட்டின ஓட்டு வீடு முதல் 100 மீட்டருக்குள்ள இருக்குன்னு வெச்சுக்கோங்க. விரிசலை அடைக்கலாம், ஓடு மாத்தலாம், அதுக்கும் அனுமதி வாங்கணும். இடிச்சுட்டுத் திரும்பக் கட்ட முடியாது. மாடி போட முடியாது. அடுத்த 200 மீட்டர்ல இருந்தா கட்டலாம், ஆனா விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கணும். ஜமீன் பல்லாவரம் மக்கள் வருஷக்கணக்கா மனு கொடுத்தது இதுக்குத்தான். பேங்க் லோன் கிடைக்காது, விக்கப் போனா விலை போகாது, பையனுக்குக் கல்யாணம்னா ஒரு ரூம் சேர்த்துக் கட்ட வழியில்ல.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரே ஒரு புள்ளியைச் சுத்தி 100 மீட்டர் வட்டம் போட்டா ஏழே முக்கால் ஏக்கர், அதாவது சுமார் 140 கிரவுண்டு. 300 மீட்டர் வட்டம்னா 70 ஏக்கர். நிஜத்துல அளவு புள்ளியிலிருந்து இல்ல, பாதுகாக்கப்பட்ட இடத்தோட எல்லையிலிருந்து தொடங்கும், அதனால இன்னும் அதிகம். தாஜ்மஹாலுக்கும் இதே 100, பல்லாவரத்து ஈமக்காட்டுக்கும் இதே 100. தாஜ்மஹால் விஷயத்துல அந்தத் தூரத்துக்கு ஒரு நியாயம் இருக்கு: பக்கத்துல உசரமா ஏதாவது எழும்பினா பார்வை கெடும். மண்ணுக்கு அடியில் இருக்கிற ஈமப்பேழைக்குப் பார்வை என்ன கெடும்? அதுக்கு ஆபத்து மேல இருந்து வரல, கடப்பாரையிலிருந்தும் ஜேசிபியிலிருந்தும் வருது.

இந்தச் சட்டத்து மேல என்னோட முதல் குறை இதுதான். அது தூரத்தை அளக்குது, மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கல. 99வது மீட்டர்ல வெறும் பாறை இருந்தாலும் வீடு கட்ட முடியாது. 301வது மீட்டர்ல ஈமப்பேழை இருந்தா, அது மேல செப்டிக் டேங்க் தோண்டினாலும் யாரும் கேக்க மாட்டாங்க.

இது வெறும் கற்பனைப் பயம் இல்ல. 2012ல் ஜமீன் பல்லாவரம் மேட்டுல தொல்லியல் துறை தோண்டினப்போ, ரீ காலத்துக்குச் சுமார் 125 வருஷம் கழிச்சும் ஒரு ஈமப்பேழை கிடைச்சது. சுமார் 2300 வருஷப் பழசுன்னு கணிச்சாங்க. சுத்தி வீடு வந்தாச்சு, ரோடு போட்டாச்சு, ஏர்போர்ட் பக்கத்துல வந்தாச்சு, அப்பவும் கீழ இருந்தது இருந்தபடி.

அது எப்படித் தப்பிச்சது? பழைய வீடுகளோட அடித்தளத்தை யோசிச்சுப் பாருங்க. ஒரு தரைத்தள ஓட்டு வீட்டுக்கு மூணு நாலு அடி வானம் தோண்டுவாங்க, அதுவும் சுவர் வர்ற இடத்துல மட்டும். நடுவுல இருக்கிற மண்ணை யாரும் தொடறதில்ல. ஸ்டில்ட் பிளஸ் நாலு மாடி அப்படி இல்ல. தூணுக்குக் குழி, லிஃப்டுக்குக் குழி, சம்ப், செப்டிக் டேங்க், மழைநீர்த் தொட்டி. மனையில முக்கால்வாசி புரண்டுடும். அந்த ஓட்டு வீடு கட்டடக்கலையில பெருசா ஒண்ணும் இல்லாம இருக்கலாம். ஆனா அம்பது வருஷமா அடியில் இருந்ததுக்கு மூடி மாதிரி இருந்தது அதுதான். அதை இடிக்கிற நாள்தான் ஆபத்தான நாள். பார்க்கிறதுக்கு வாய்ப்பு கிடைக்கிறதும் அந்த ஒரே நாள்தான்.

சென்னையில பாரம்பரிய மதிப்பீடுன்னு பேசும்போது நம்ம கண்ணு தரைக்கு மேலதான் போகும். 2010ல் உயர் நீதிமன்றம் ஏத்துக்கிட்ட 468 கட்டடங்கள் பட்டியலை எடுத்துக்கோங்க. தூண், வளைவு, முகப்பு. ஜார்ஜ் டவுனுக்கும் மயிலாப்பூருக்கும் அது சரி. தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக்கு அந்தக் கண்ணாடி போதாது. 2022ல் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கிட்டா பழைய பிளாக்கை இடிச்சுக் கட்டலாம். கட்டடம் பலவீனமா இருக்கான்னு இன்ஜினியர் பார்ப்பார். மண்ணுக்கு அடியில் என்ன இருக்குன்னு யார் பார்ப்பாங்க?

வேற ஊர்ல என்ன பண்ணாங்க? லண்டன்ல 1989ல் ஆபீஸ் கட்டடத்துக்காகத் தோண்டினப்போ ரோஸ் நாடக அரங்கத்தோட அடித்தளம் வெளிய வந்தது. 1587ல் கட்டினது, ஷேக்ஸ்பியர் காலத்தது. பெரிய நடிகர்கள் எல்லாம் வந்து நின்னு போராட, கட்டடத்தோட வரைபடத்தையே மாத்தி அந்த மிச்சத்தை அடியில் காப்பாத்தினாங்க. அடுத்த வருஷமே இங்கிலாந்துல விதியை மாத்தினாங்க: கட்ட அனுமதி கேட்கிறவர், அடியில் என்ன இருக்குன்னு முதல்ல பார்த்துச் சொல்லணும், செலவும் பெரும்பாலும் அவரோடது. அதுக்கப்புறம் அங்க நடந்த அகழாய்வுகள்ல பெரும்பகுதி இப்படிக் கட்டடம் கட்டப் போய் நடந்ததுதான். பெரும்பாலான இடங்கள்ல பதிவு பண்ணி, எடுக்க வேண்டியதை எடுத்துட்டு, மேல வீடும் கட்டிட்டாங்க. பார்க்கிறதுன்னா தடுக்கிறதுன்னு அர்த்தம் இல்ல.

நம்ம பக்கத்துலயே கிளாம்பாக்கம் இருக்கே. பஸ் முனையத்தை ஒட்டி பெருங்கற்கால இடம் இருக்கு, அதுவும் தொல்லியல் துறை பாதுகாப்புல. 88 ஏக்கர் கையில இருந்ததால அந்தப் பகுதியைப் பூங்காவுக்கு விட்டுட்டு கட்டடத்தை வேற பக்கம் வெச்சுக்க முடிஞ்சது. அரசுக்கு இது சாத்தியம். அரை கிரவுண்டு வெச்சிருக்கிறவர் எந்தப் பக்கம் நகர்த்துவார்?

அதனால இங்கிலாந்து விதியை அப்படியே எடுத்துக்கிட்டு வரச் சொல்ல மாட்டேன். பத்து ஃபிளாட் கட்டி விக்கிற பில்டர் செலவை ஏத்துக்கலாம். சொந்தமாக் குடியிருக்கக் கட்டுறவங்களுக்கு அரசுதான் செஞ்சு கொடுக்கணும். அப்படி ஒண்ணும் பிரம்மாண்டமான வேலையும் இல்ல. பழைய சர்வே வரைபடம், ரீ எழுதி வெச்ச குறிப்புகள், ஊர்ப் பெரியவங்க அந்த மேட்டுக்குச் சொல்ற பேர். இதை வெச்சே பாதி தெரியும். அப்புறம் ஒரு தொல்லியலாளர் மனையில நடந்து பார்க்கணும்: உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமா பானை ஓடு கிடக்கா, கற்கள் வட்டமா வருதா. எப்படியும் பில்டர் சாயில் டெஸ்ட் எடுப்பார். அதே வாரத்துல ரெண்டு சோதனைக் குழி போட்டா போதும். ஒண்ணும் இல்லன்னா எழுதிக் கொடுத்துடணும், அவங்க கட்டட்டும், 100 மீட்டருக்குள்ள இருந்தாலும். ஏதாவது இருந்தா அந்த மனைக்கு மட்டும் அகழாய்வு, அதுக்கும் ஒரு கெடு.

சட்டத்துலயே இதுக்கு ஒரு ஜன்னல் இருக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா விதி எழுதணும்னு 2010 திருத்தம் சொல்லுது. நாட்டுல 3,600க்கு மேல பாதுகாக்கப்பட்ட இடங்கள் இருக்கு, எழுதி முடிச்சது அதுல சின்னப் பகுதிதான். இன்னொரு பக்கம், பட்டியலையே சுருக்கணும்னு 2023ல் பிரதமரோட பொருளாதார ஆலோசனைக் குழு அறிக்கை கொடுத்தது. பல்லாவரத்துல அதைக் கேட்டா கைதட்டுவாங்க, கோபமும் நியாயம்தான். ஆனா குழி போட்டுப் பார்க்காம கோட்டை மட்டும் அழிச்சா, மறுநாள் காலையில ஜேசிபி வரும்.

கடைசியா, இந்தப் பாதையில பழைய வீட்டை பில்டருக்குக் கொடுக்கப் போறவங்களுக்கு. சர்வே நம்பரை வெச்சு, தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தோட ஆன்லைன் தளத்துல உங்க மனை எந்தப் பகுதியில வருதுன்னு அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியே பாருங்க. தோண்டும்போது பெரிய பானையோ, நிறுத்தி வெச்ச கல் பலகையோ, கால் வெச்ச சுடுமண் துண்டோ வந்தா, வண்டியை நிறுத்தச் சொல்லிட்டு தாசில்தாருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்க. வெளிய எடுக்காதீங்க, எந்த ஆழத்துல, எந்தப் பக்கம் பார்த்து இருந்ததுங்கிறதுதான் அவங்களுக்கு வேணும். அவங்க வர்றதுக்குள்ள இருந்த இடத்துலயே போட்டோ எடுங்க. அளவு தெரிய பக்கத்துல ஒரு ஸ்கேல் வைங்க, ஸ்கேல் இல்லன்னா உங்க செருப்பு போதும்.