மட்டக்களப்பு வாவிக்கரையும் மழைக்குறி காட்டும் உயிர்களும்

ஈழத்தின் கீழ்க்கரையில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குப் பரந்து கிடப்பது மட்டக்களப்பு வாவி. அதன் கீழ்ப்பால் எழுவான்கரை, மேற்பால் படுவான்கரை. முன்னையதில் மீன்பிடியும் பின்னையதில் நெற்செய்கையும் சிறந்து விளங்குவன. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மாரியே இப்பகுதி வயல்களுக்கு உயிர்நாடி. விதைத்த பின் மழை மிகின் வித்து அழுகும்; பிந்தின் முளை கருகும். ஆதலின் வானத்தின் போக்கை முன்னறிதல் இங்குப் பொழுதுபோக்கன்று. ஓராண்டுச் சோற்றைக் காக்கும் முயற்சியாகும்.

எறும்பு முட்டை கவ்வி மேடேறுதல், தும்பி தாழப் பறத்தல், தவளை ஓயாது கத்துதல், அந்தியில் ஈசல் புறப்படுதல் ஆகியவற்றைத் தமிழுழவர் மழைக்குறிகளாகக் கொண்டனர். இவ்வழக்கின் தொன்மைக்குப் புறநானூறு சான்று பகரும். சிறுகுடிகிழான் பண்ணனைச் சோழன் கிள்ளிவளவன் பாடிய 173ஆம் பாட்டிலே, கையிற் சோற்றுடன் செல்லும் சிறுவரின் வரிசைக்கு, மழை வருங்கால் முட்டையோடு மேட்டுநிலம் சேரும் எறும்பொழுங்கு உவமையாயிற்று. கேட்போர் அக்காட்சியைக் கண்டறியாதவராயின் அவ்வுவமை பயன்படாதன்றோ?

இக்குறிகள் முற்றும் பொய்யல்ல. காற்றில் ஈரம் மிகுந்தால் தவளைகள் துணையை அழைத்துக் கத்துதல் இயல்பு. மண் நனைந்து காற்றடங்கிய வேளையில் ஈசல் புற்றை விட்டெழும். ஆதலின் அது வரும் மழையைக் கூறுவதினும், மழைக்காலம் தொடங்கிவிட்டதென்பதையே பெரிதும் உணர்த்தும். எனவே இவ்வுயிர்கள் காட்டுவது தாம் வாழும் இடத்தின், அந்நேரத்து நிலையையே.

இவ்வெல்லையை விளக்க மேனாட்டு வரலாறொன்று துணைசெய்யும். இங்கிலாந்தின் விற்பி என்னும் கடற்கரைப் பட்டினத்து மருத்துவர் ஜோர்ஜ் மெரிவெதர், 12 கண்ணாடிப் புட்டிகளில் 12 அட்டைகளை வைத்து, புயல் நெருங்குங்கால் அவை மேலேறி மணியடிக்குமாறு ஒரு பொறி சமைத்தார். அது 1851இல் இலண்டன் மாபெருங் கண்காட்சியில் வைக்கப்பட்டது. எனினும் அரசு அதனை ஏற்கவில்லை. 1854இல் வானிலைத் திணைக்களப் பொறுப்பேற்ற பிற்ஸ்ரோய், பல துறைகளிலிருந்து காற்றழுத்த அளவுகளைத் தந்தி வழியே திரட்டி, 1861இற் புயலெச்சரிக்கை விடுக்கத் தொடங்கினார். அட்டை அறிவது ஓரிடத்துக் காற்று. தந்தி இணைத்ததோ பலவிடத்துக் காற்று.

இவ்வேறுபாட்டின் பொருளை மட்டக்களப்பு பெருந்துயரால் அறிந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி சூறாவளி இக்கரையைத் தாக்கிற்று. கீழ்மாகாணத்திற் பல நூற்றுவர் மாண்டனர், தென்னந்தோட்டங்கள் சாய்ந்தன, வீடுகள் கூரையிழந்தன. வங்காள விரிகுடாவிற் பிறந்து, பன்னாட் கடந்து வந்த அப்புயலைத் தொலைவில் நிற்கையிலேயே உணரும் ஆற்றல் வயல்வரம்பின் எறும்புக்கு இல்லை.

முன்னோர் வழக்கை இகழ்தலும் தகாது. அதன்மேல் அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றுதலும் தகாது. களத்தில் நெல்லை உலரவிடலாமா என்பதற்கு எறும்பும் தும்பியும் ஓரளவு விடை கூறலாம். கடலில் தோணி இறக்கலாமா என்பதற்கு வானிலை நிலையத்தின் அறிக்கையே விடை கூறவேண்டும். சுற்றுப்புறத்தைக் கூர்ந்து நோக்கும் பழக்கமே மழைக்குறி மரபு நமக்கு விட்டுச்சென்ற உண்மைச் செல்வம். மாணாக்கர் அதனைப் பேணுதல் கடன்.