அத்தர் பாய் சொன்ன பாடம்

அச்சன்புதூரில் என் வயதுக்காரர்களுக்கு அத்தர் பாயை நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் வந்து உட்காருவார். முன்னால் ஒரு மரப்பெட்டி. உள்ளே கட்டம் கட்டமாகத் தடுத்து, விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள். ரோஜா, மல்லிகை, மரிக்கொழுந்து, வெட்டிவேர், சந்தனம், மஜ்முவா என்று பெயர் சொல்லுவார். சாரல் காலம் வந்துவிட்டால் ஆளைக் குற்றாலத்தில்தான் பார்க்கலாம்.

காசில்லாத பையன்களையும் அவர் விரட்டமாட்டார். கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் ஒரு கோடு இழுப்பார். உடனே நாங்கள் மூக்கருகே கொண்டுபோவோம். "இப்பம் மோந்து பாக்காத தம்பி. ராத்திரி படுக்கப் போகையில மோந்து பாரு. அதுதான் அத்தரு" என்பார். வியாபாரப் பேச்சு என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் வாத்தியாராக இருந்தும் அந்தப் பேச்சின் பொருள் எனக்குப் போன வருஷம்தான் புரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

வாசனை வியாபாரம் நம் மலைக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கிய சரக்குகளைப் பட்டியலிடும் பட்டினப்பாலை, மேற்கு மலையில் விளைந்த சந்தனத்தையும் அகிலையும் சேர்த்தே சொல்கிறது. வெட்டிவேருக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரே தமிழிலிருந்து போனதுதான்.

அத்தர் என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. அக்பர் காலத்து வாசனைப் பொருள்களையும் அவற்றின் விலைகளையும் அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதி வைத்திருக்கிறார். ரோஜா அத்தரைக் கண்டறிந்தவர் நூர்ஜஹானின் தாயார் என்று ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னோஜ் அத்தர் தொழிலுக்கே பெயர்போன ஊர் ஆயிற்று.

கன்னோஜ் முறை எளிமையானது. பெரிய செப்புக் கொப்பரையில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகு எரிப்பார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாக இன்னொரு செப்புப் பாத்திரத்துக்குள் போகும். தண்ணீர்த் தொட்டியில் அமர்ந்திருக்கும் அந்தப் பாத்திரத்துக்குள் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். குளிர்ந்து விழும் மணத்தை அந்த எண்ணெய் வாங்கிக்கொள்ளும். தண்ணீரைப் பிரித்துவிட்டு, மறுநாள் புதுப் பூவைப் போட்டு அதே எண்ணெயில் மறுபடி வடிப்பார்கள். சுட்ட மண்ணை இப்படி வடித்து, முதல் மழை வாசனையைக்கூட அவர்கள் குப்பியில் அடைக்கிறார்கள். சாரல் தொடங்கும் நாளில் நம் ஊர்த் தெருவில் கிளம்புகிற அதே வாசனைதான்.

ஆக, பூ எதுவானாலும் அடியில் இருப்பது சந்தனம். அதைத் தந்தது தெற்கே மைசூரும் நம் மலைகளும். முன்பு மைசூர்க் கட்டைகள் எண்ணெய் வடிக்க ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. 1914-ல் உலகப்போர் வந்து ஏற்றுமதி நின்றுபோனது. கட்டைகள் தேங்கவே, 1916-ல் மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. மைசூர் சாண்டல் சோப்பு அதன் வழியில் பிறந்ததுதான்.

இனி தோலுக்கு வருவோம். எந்த வாசனை எண்ணெயும் ஒரே பொருளல்ல. பல பொருள்களின் கூட்டு. இலேசானவை சில நிமிஷங்களில் ஆவியாகிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் மணம் அப்படிப்பட்டது. பூக்களின் மணம் ஓரிரு மணி நேரம் நிற்கும். சந்தனத்திலுள்ள சாண்டலால், வெட்டிவேரிலும் அகிலிலும் உள்ள கனமான பொருள்கள் மெல்ல மெல்லத்தான் கிளம்பும். அதனால் காலையில் பூசியதும் இரவில் மிஞ்சுவதும் வேறு வேறு மணங்கள். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் மணம் தங்கும். வறண்ட தோலில் சீக்கிரம் போய்விடும். ஒரே குப்பி இருவர் கையில் இரண்டு விதமாக மணப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய ஸ்பிரேயில் உள்ள ஆல்கஹால் சட்டென்று பறந்து, மணத்தை அறை முழுக்க வீசும். அத்தரில் அது இல்லை. பக்கத்தில் வருகிறவருக்குத்தான் தெரியும்.

முதல் மோப்பத்தை நம்பக்கூடாது என்பதற்கு 'ஊது' நல்ல சாட்சி. நம் பழைய அகில்தான் அது. பூஞ்சை தாக்கிய மரத்துக்குள் ஊறும் பிசினிலிருந்து வடிப்பது. வளைகுடாவிலிருந்து லீவில் வரும் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். அசாம் ஊதைத் தொட்டதும் மாட்டுத்தொழுவ வாடை அடித்து முகத்தைச் சுளிக்க வைக்கும். அரைமணி கழித்து முகர்ந்தால் இதமான மர வாசனை. மல்லிகையும் இலேசுப்பட்டதல்ல. அதிலுள்ள இண்டோல் என்ற பொருள் தனியாக, செறிவாக இருந்தால் நாற்றம். துளியாகக் கலந்திருந்தால்தான் சங்கரன்கோவில் மல்லிகைக்கு அந்த மயக்கம்.

இப்போது என் கதை. அப்பா நெல் வியாபாரி. கல்யாணம், கோவில் கொடை என்றால் பஞ்சில் அத்தரைத் தொட்டு காது மடலில் செருகிக்கொண்டு கிளம்புவார். அவர் போய் நாற்பது வருஷம் ஆகிறது. போன வருஷம் அம்மாவும் தவறிய பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பழைய சேலை மடிப்புக்குள் இரண்டு சின்னக் குப்பிகள். இரண்டிலும் அடியில் கொஞ்சம் எண்ணெய்.

ஒன்றைத் திறந்து முகர்ந்தேன். காறல் எடுத்த எண்ணெய் வாடை. கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து, சோப்புப் போட்டுக் கழுவி, பேத்திக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன். இரண்டாவதைத் திறக்கும்போது மூடி இறுகியிருந்து, திருகியதில் மணிக்கட்டில் சிந்தியது. அதே வாடைதான். துண்டால் துடைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன்.

ராத்திரி படுக்கையில் கையைத் தலைக்கு வைத்தபோது அப்பா பக்கத்தில் நிற்பது போல இருந்தது. காறலும் இல்லை, பூவும் இல்லை. சந்தனம் மட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைத் தூக்கும்போது அவர் கழுத்தடியில் வந்த வாசனை. விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மேலே இருந்த இலேசான பொருள்கள்தான் காற்றுப்பட்டுக் கெட்டிருந்தன; அடியிலிருந்த கனமானது அப்படியே இருந்தது. கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிப் போட்ட பாடம்தான்.

இன்று சந்தன எண்ணெய் ஏறிய விலைக்குக் கன்னோஜிலேயே பலர் பாரஃபின் எண்ணெயில் வடிக்கிறார்கள். திறந்ததும் மணம் இருக்கும். ராத்திரிக்கு மிஞ்ச அடியில் சந்தனம் இருக்காது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலும் இப்படி ஒரு குப்பி கிடக்கலாம். திறந்து பார்த்துவிட்டு உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு சொட்டு கையில் தடவிவிட்டு, ராத்திரி வரை பொறுங்கள். நான் கழுவிய குப்பியில் யாருடைய வாசனை இருந்ததோ. அம்மாவுக்குப் பிச்சி அத்தர் பிடிக்கும்.