மருந்துக்கு அடங்காத கிருமிகள்: நறுமண எண்ணெய்கள் எந்த அளவுக்கு உதவும்?

பல்வலிக்குக் கிராம்புத் தைலம், சளிக்கு நீலகிரித் தைலம், வயிற்று உபாதைக்கு ஓமநீர் என்பவை சென்னை முதல் ஆந்திரத்தின் சூளூர்பேட்டை, திருப்பதி வரை வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. இந்த எண்ணெய்களுக்குப் பாக்டீரியாக்களை அழிக்கும் ஆற்றல் உண்டு என்பதை ஆய்வகச் சோதனைகள் உறுதி செய்துள்ளன. எனினும், ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு மாற்றாக அவற்றை நம்பலாமா என்பது வேறு கேள்வி.

இக்கேள்விக்கு இன்று அவசரம் கூடியுள்ளது. மருந்து எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக 2022-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பல வலுவான ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் 'என்.டி.எம்-1' நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள் சென்னை, ஹரியானா மாதிரிகளிலும் காணப்பட்டது 2010-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

ஓமத்தில் தைமால், கிராம்பில் யூஜெனால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு ஆகியவை முக்கிய வேதிப்பொருள்கள். கொழுப்பில் எளிதில் கரையும் இவை பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வுக்குள் ஊடுருவி அதைச் சிதைக்கின்றன. உள்ளிருக்கும் பொருள்கள் கசிந்து பாக்டீரியா மடிகிறது. ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குவதால், சில எண்ணெய்கள் ஆன்டிபயாடிக்குகளின் வீரியத்தைக் கூட்டுவதையும் ஆய்வகங்களில் காண முடிகிறது.

ஆனால், என்.டி.எம்-1 பரவியுள்ள கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உண்டு. அது எண்ணெய்களை எளிதில் உள்ளே விடுவதில்லை. மேலும், ஆய்வகத்தில் கிருமியைக் கொல்லத் தேவைப்படும் அடர்த்தி, ஆன்டிபயாடிக்குகளுக்குத் தேவைப்படுவதைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகம். அந்த அளவை இரத்தத்தில் எட்டச் செய்தால் உடலுக்கே தீங்கு நேரும்.

நோயாளிகளிடம் நடந்த சோதனைகளும் இந்த வரம்பையே காட்டுகின்றன. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியை உடலில் சுமந்த 224 பேரிடம் இங்கிலாந்தில் நடந்த ஆய்வின் முடிவு 2004-இல் வெளியானது. மூக்கிலிருந்து கிருமியை நீக்குவதில் மியூபிரோசின் களிம்பு 78 சதவீதமும், ஆஸ்திரேலிய டீ ட்ரீ எண்ணெய்க் களிம்பு 47 சதவீதமும் வெற்றி பெற்றன. ஆனால், தோலிலும் புண்களிலும் இருந்த கிருமியை நீக்குவதில் வழக்கமான மருந்துகளைவிட அந்த எண்ணெயே மேலானதாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை அதே எண்ணெய் கலந்த திரவத்தால் குளிப்பாட்டிய மற்றொரு சோதனையில், தொற்றிக் கொள்வது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இதன் முடிவு 2013-இல் வெளியானது.

ஆகவே, வாய்க்கொப்பளிப்பு நீர், தோல் பராமரிப்பு, உணவுப் பாதுகாப்பு ஆகியவற்றில் இந்த எண்ணெய்களுக்கு இடமுண்டு. இரத்தத்திலோ நுரையீரலிலோ பரவிய தொற்றுக்கு அவை மருந்தாகா. அவற்றை நம்பிச் சிகிச்சையைத் தாமதிப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நீலகிரித் தைலத்தையும் கற்பூரத்தையும் குழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு ஏற்படக்கூடும். எனவே, அவை குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே ஆன்டிபயாடிக் உட்கொள்வதும், அவர் சொன்ன நாள்வரை அதைத் தொடர்வதுமே கிருமிகள் வலுப்பெறாமல் தடுக்க ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை.