வந்துபோன வைத்தியமும் ஊரில் தங்கிய வைத்தியமும்: இலங்கை மருத்துவத் தொண்டின் வரலாற்றுப் போக்கு

கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழரிடையே, மலையகத் தோட்டங்களுக்கும் வன்னிக் கிராமங்களுக்கும் சென்று இலவச மருத்துவ முகாம் நடத்துவது பழகிய தொண்டு. இத்தொண்டுக்கு இத்தீவிலேயே இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பிய முயற்சிகள் அதில் மங்கிப்போயின. உள்ளூராரைப் பயிற்றிவிட்ட முயற்சிகளே வேர்பிடித்தன. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கினார். அதே மிஷனின் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின் மானிப்பாயில் நிலைகொண்டார். குடாநாடு முழுவதற்கும் ஒரு வைத்தியர் போதாதென்று கண்டு மாணவரைச் சேர்த்து மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் கற்றவர்களோ அரசாங்க உத்தியோகமும் கூடிய சம்பளமும் தேடி வெளியூர் போயினர். கிராமம் பழையபடி கிடந்தது. 1860களில் அவர் பயிற்றுமொழியைத் தமிழாக்கியதில், படித்தவர் ஊரிலேயே தங்கவேண்டும் என்ற கணக்கு இருந்தது. ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ போன்ற நூல்கள் அந்தத் தேவையில் பிறந்தவை. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கிவிட்டு 1873இல் அவர் நாடு திரும்பினார். தமிழில் படித்ததால் அம்மாணவரின் உயர்வு தடைப்பட்டது என்று குறை கூறுவதுண்டு. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்ததால் அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் இழப்பு வைத்தியருடையது. நோயாளிக்குக் கிடைத்தது ஊரோடிருக்கும் வைத்தியர். தொண்டை நோயாளியின் பக்கம் நின்றே அளக்கவேண்டும் என்பது என் நிலை.

மறுபக்கச் சான்று மலையகத்தில் கிடைக்கிறது. 1916இல் றொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. தொழிலாளர் மருந்து குடித்தனர், புழுவும் வெளியேறியது. ஆனால் மலசலகூடமில்லாத லயன்களில், மாசடைந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தோலைத் துளைத்து அது மீண்டும் உடம்புக்குள் புகுந்தது. மலசலகூடம் கட்டச் செலவிடத் தோட்ட நிருவாகங்கள் பல தயங்கின. மருந்து மட்டும் போதாதென்ற இந்த அனுபவத்தின் பின்னரே 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. ஓர் எல்லைக்குள் நிரந்தரமாக இருந்து, மருத்துவமாதும் சுகாதாரப் பரிசோதகரும் வீடுவீடாகச் செல்லும் ஏற்பாடு அது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் அதன் வழிவந்தவை. அந்த அமைப்புக்குள் தோட்டங்களைச் சேர்க்கப் பல பத்தாண்டுகள் பிந்தியது மலையக மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி.

கொழும்பில் இதே பாடத்தைச் செயலாக்கியவர் மேரி ரட்ணம். கனடாவில் 1873இல் பிறந்து 1896இல் இலங்கை வந்த இந்தப் பெண் வைத்தியரை, தமிழர் ஒருவரை மணந்ததால் மிஷன் ஏற்கவில்லை. அவர் கொழும்பிலேயே தங்கிப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1930இல் ஒன்ராறியோக் கிராமப் பெண்கள் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். போசாக்கும் சுத்தமும் பிள்ளை வளர்ப்பும் கிராமப் பெண்கள் தாமே கூடிக் கற்று, தம் ஊரிலேயே நடைமுறைப்படுத்தும் விடயங்களாயின. நகரத்து வைத்தியர் ஊருக்குப் போகாத நாளிலும் வேலை நடந்தது. 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

கொள்ளைநோய் பயிற்சிக்காகக் காத்திருக்குமா என்ற கேள்வி நியாயமானது. 1934–35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டபோது, வெளியிலிருந்து சென்ற தொண்டர் இல்லாதிருந்தால் சாவு இன்னும் கூடியிருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் கேகாலைப் பகுதிக்குச் சென்ற இடதுசாரிச் சூரியமல் இயக்கத்தார் அங்கு கண்டது காய்ச்சலோடு பட்டினியையும். கொயினா மட்டும் போதாதென்று உணவும் கொடுத்தனர். அவர்களுள் பருப்பு பகிர்ந்த என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தனர். அவசரகாலத் தொண்டும் நோயின் அடிவேரைத் தேடிப் போகவேண்டியதாயிற்று.

இன்று தோட்டங்களிலும் கிராமங்களிலும் முகாமுக்கு வருவோரில் பலருக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். இவை ஒருநாள் பார்வையில் தீராதவை. இரண்டு வார மாத்திரை மூன்றாம் வாரம் முடிந்திருக்கும். ஆகவே முகாம் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த பயணத்துக்கு முன் அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசுங்கள், நோயாளியின் விபரத்தைத் தமிழில் எழுதி நோயாளி கையிலேயே கொடுங்கள், இரத்த அழுத்தம் அளக்க அந்தத் தோட்டத்துப் பெண்கள் இருவருக்குக் கற்றுக்கொடுங்கள், அடுத்த முறையும் அதே தோட்டத்துக்கே போங்கள்.