காற்றுக்குத் தண்ணி காட்டியவர்கள்

மினசோட்டாவில் கழித்த முதல் குளிர்காலத்தில், ஜனவரி மாதம் ஒருநாள் காலை, தலையணை உறையில் ரத்தக் கறை. மூக்கிலிருந்து வந்திருந்தது. பயந்துபோய் அலுவலக நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பேஸ்மென்ட்ல ஃபர்னஸ் பக்கத்துல ஒரு டப்பா இருக்கும், அதைத் திறந்து பாரு" என்றார்.

திறந்தேன். உள்ளே தேன்கூடு போல ஓர் அலுமினியப் பட்டை. அதன்மேல் தண்ணீர் சொட்ட வேண்டும், ஃபர்னஸின் சுடுகாற்று அதன் வழியே போய் ஈரத்தை அள்ளிக்கொண்டு எல்லா அறைகளுக்கும் போக வேண்டும். நான் பார்த்தபோது அது சுண்ணாம்பு பூசிய செங்கல் மாதிரி இருந்தது. படம் எடுத்துக் கீழ் கோத்தகிரிக்கு அனுப்பினேன். அங்கே தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா உடனே கூப்பிட்டார்.

"இது நம்ம ரோல் ரூம் மிஷின்தானேப்பா. இதுக்கா அமெரிக்கா போனே?"

அவர் சொன்னதில் பாதி கேலி, பாதி சரித்திரம். அந்தச் சரித்திரத்தைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

காற்றைச் சூடாக்கினால் அது ஏன் வறள்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் அதே அளவு காற்று சுமார் 17 கிராம் தாங்கும். ஆக, வெளியே ஈரம் ததும்பி நிற்கும் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால், அதன் ஈரக் கொள்ளளவில் கால்வாசியை ஒட்டித்தான் நிரம்பியிருக்கும். தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, பாத்திரம்தான் பெரிதாகிவிட்டது. அந்தப் பெரிய பாத்திரம் நம் தோலிலிருந்தும் மூக்கிலிருந்தும் மர மேசையிலிருந்தும் ஈரத்தைக் கேட்கிறது.

கோத்தகிரிப் பக்கம் இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நீலகிரியின் கிழக்குச் சரிவு எங்களுடையது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்கே கூடலூரும் அவலாஞ்சியும் வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அது ஓய்ந்ததும் பனி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை விடியலில் உறைபனி, பகலில் வெயில், காற்றில் ஈரமே இருக்காது. உதடு வெடிக்கும். தேயிலைக்கும் அப்போதுதான் சிக்கல்.

தேயிலை ஃபேக்டரி ஒரு விசித்திரமான கட்டிடம். ஒரே கூரையின் கீழ் ஒரு பகுதி பாலைவனம், இன்னொரு பகுதி மழைக்காடு. பறித்த கொழுந்தை ட்ரஃப் என்கிற நீண்ட வலைத்தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி வாட்டுகிறார்கள். பிறகு அரைக்கிறார்கள். அரைபட்ட பச்சைத் தூள் காற்றுபட்டுச் செம்பு நிறமாக மாற வேண்டும். எல்லோரும் இதை 'ஃபெர்மென்டேஷன்' என்றுதான் சொல்கிறோம், ஆனால் இட்லி மாவு புளிப்பது போல இதில் நுண்ணுயிர்களுக்கு வேலை கிடையாது. இலையின் நொதி, ஆக்சிஜனோடு சேர்ந்து கேட்டிகின்களைத் தியாஃப்ளேவினாகவும் தியாருபிஜினாகவும் மாற்றுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியத் தேயிலைச் சங்கத்தின் விஞ்ஞானி ஹெரால்ட் மான் இலை நொதியைப் பற்றி எழுதிவிட்டார். பெயர் மட்டும் திருந்தவில்லை. தேநீரின் நிறமும் சுறுசுறுப்பும் இந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் தீர்மானமாகின்றன. அப்போது அறை குளிர்ச்சியாகவும், ஒப்பு ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூளின் மேல்பரப்பு காய்ந்து கறுத்துவிடும். இத்தனையும் நடக்கும் அறைக்குப் பக்கத்திலேயே விறகு எரியும் அடுப்பு, நூறு டிகிரியைத் தொடும் காற்றை டிரையருக்குள் தள்ளிக்கொண்டிருக்கும்.

அந்தச் சுடுகாற்று எங்கள் தொழிலுக்கு வந்த கதையில் ஓர் ஐரிஷ்காரர் இருக்கிறார். சாமுவேல் டேவிட்சன், பெல்ஃபாஸ்ட் பக்கத்துக்காரர். 1864இல் பதின்ம வயதில் அசாமை ஒட்டிய கச்சாருக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். அன்று கரி நெருப்பின்மேல் மூங்கில் கூடை வைத்துத்தான் தேயிலையை உலர்த்தினார்கள். புகை, கருகல், மெதுவான வேலை. டேவிட்சன் சுடுகாற்றில் உலர்த்தும் இயந்திரம் ஒன்றைச் செய்து, சஹாராவிலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயரான 'சிராக்கோ'வை அதற்கு வைத்தார். 1881இல் பெல்ஃபாஸ்டில் சிராக்கோ தொழிற்கூடம் தொடங்கியது. காற்றை இன்னும் வேகமாகத் தள்ள, 1898 வாக்கில் அவர் ஒரு விசிறியை உருவாக்கினார்: உருளையின் விளிம்பைச் சுற்றி, சுழலும் திசையில் வளைந்த சின்னச் சின்னத் தகடுகள். தேயிலையைவிட்டு வெளியேறி அது கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனது. மினசோட்டாவில் என் ஃபர்னஸின் கீழ்க்கதவைக் கழற்றியபோது உள்ளே இருந்ததும் அதே வடிவ விசிறிதான். அப்பா சொன்னதில் சரித்திரம் இருந்தது என்றேனே, அது இதுதான்.

காற்றை ஈரமாக்கும் இயந்திரத்தின் கதை மட்டும் வேறு இடத்தில் தொடங்குகிறது, நெசவாலைகளில். பஞ்சு நூல் காய்ந்தால் அறுந்துவிடும். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் நல்ல பஞ்சு வராமல் போகவே, லங்காஷயர் ஆலைகள் குட்டை இழை கொண்ட இந்திய 'சூரத்' பஞ்சை ஓட்டின. அறுந்துகொண்டே இருந்த நூலுக்குச் சீனக் களிமண் கலந்த கனமான கஞ்சி போட்டார்கள். அந்தக் கஞ்சி வெடிக்காமலிருக்கத் தறிக் கூடங்களுக்குள் நீராவியைத் திறந்துவிட்டார்கள். போர் முடிந்த பிறகும் நீராவி போகவில்லை. நெசவாளர்கள் நனைந்த உடையோடு குளிர் தெருவுக்கு வந்தார்கள், இருமினார்கள், போராடினார்கள். 1889இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பருத்தித் துணி ஆலைச் சட்டத்தை இயற்றி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று அட்டவணை போட்டது. நீராவியை ஒழிக்கக் கேட்டவர்களுக்கு அளவுமானிதான் கிடைத்தது. 1906இல் அமெரிக்காவில் 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லை உருவாக்கிய ஸ்டூவர்ட் கிராமரும் நூற்பாலைகளுக்கு ஈரமூட்டிய பொறியாளர்தான். ஏசி என்றால் குளிர் என்று நினைக்கிறோம், அந்தச் சொல் பிறந்ததோ நூலுக்காக.

நம் ஊரிலும் ஆலையும் மலையும் ஒட்டிக்கொண்டவை. மலைத்தோட்ட வணிகத்திலிருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் கோவையில் பஞ்சாலை தொடங்கினார். 1930களில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கீழே இறங்கி ஆலைகளைப் பெருக்கியது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு செயற்கையாக ஈரமூட்டுவதைப் பற்றியதாக இருந்தது. அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி: காற்றில் தெளிக்கும் தண்ணீர் குடிநீர் ஆதாரத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், அல்லது முறையாகச் சுத்திகரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது அது. குடிக்கிற தண்ணீரும் மூச்சில் போகிற தண்ணீரும் ஒன்றுதான் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

இனி அப்பாவின் கதை. 1998க்குப் பிறகு பச்சைத் தேயிலை விலை விழுந்துகொண்டே போனது. கொழுந்து போடுகிற சிறு விவசாயிகள் ஃபேக்டரி வாசலில் நின்று சண்டை போட்ட காலம். தூள் குன்னூர் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் அவர்களுக்குப் பணம். அப்படிப்பட்ட ஒரு பிப்ரவரியில், தூள் கறுத்து, தேநீர் சாரமில்லாமல் வந்தது. கொழுந்து மோசம் என்றார் டீமேக்கர். மிஷின் மோசம் என்றார்கள் விவசாயிகள். மிஷின் என்றால் அப்பா. எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் வைத்திருந்த அக்கா ஒரு வாரம் அம்மாவிடம் பேசவில்லை.

சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்கள் தொங்கும். ஒன்று வெறும் குமிழ். இன்னொன்றின் குமிழில் நனைந்த திரி. திரியிலிருந்து நீர் ஆவியாவதால் அது குளிர்ந்து குறைவாகக் காட்டும். அறை ஈரமாக இருந்தால் ஆவியாதல் குறையும், இரண்டும் நெருங்கும். அந்த வாரம் முழுக்க வித்தியாசம் ஒரு டிகிரிதான். பதிவேட்டில் எல்லாம் ஒழுங்கு. அப்படியிருக்க, இரவு ஷிஃப்டில் தன் கை வறண்டு வெள்ளையாக இருப்பதைப் பார்த்த அப்பா, திரியைத் தொட்டார். உப்பும் அழுக்கும் படிந்து கட்டையாகிக் கிடந்தது. நனையாத ஈரக் குமிழ் இன்னொரு வெறும் குமிழ்தான், இரண்டும் ஒன்றாகத்தானே காட்டும்! கருவி எல்லோருக்கும் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. புதுத் துணி கட்டி நனைத்ததும் வித்தியாசம் ஐந்துக்கு மேல் போனது.

பிறகுதான் ஹியூமிடிஃபையரைப் பிரித்தார். அது சுழலும் தட்டு வகை. தட்டின்மேல் விழும் தண்ணீர் விளிம்புக்கு விசிறப்பட்டு, பற்களில் மோதிப் புகையாக உடையும். பற்களுக்கிடையே சுண்ணாம்பு. தொட்டியில் பாசி, வழவழப்பு. வடிகால் குழாய் அடைத்து நாளாகியிருந்தது. மோட்டார் சத்தம் மட்டும் கணீரென்று இருந்ததால் ஓடுகிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள், அப்பா உட்பட. "அது என் தப்புதான்" என்று இன்றும் சொல்வார். டீமேக்கரிடம் போய்ச் சொல்லவும் செய்தார். ஒருநாள் சம்பளம் பிடித்தார்கள். விவசாயிகளுக்குப் பிடித்த பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

போனில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி வருதா?" அல்ல. "தண்ணி போவுதா?" ஏனென்றால் வந்த தண்ணீரில் ஒரு பகுதிதான் ஆவியாகும். மிச்சம் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேற வேண்டும். தேங்கினால் கல்லாகும், அல்லது பாசியாகும். நான் வடிகால் குழாயைக் கழற்றி ஊதினேன். போகவில்லை. வெந்நீரும் வினிகரும் ஊற்றிக் கம்பி விட்டேன். தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுக்கு 24 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன், வந்தது. அதற்கு முன்னால் இருந்த குண்டூசித் துளை அடைத்திருந்தது, குத்திவிட்டேன். கோடையில் மூடி வைக்கும் காற்றுத் தடுப்பு இன்னும் மூடியே இருந்ததை அப்பாதான் வீடியோவில் கண்டுபிடித்தார். புதுப் பட்டை கடையில் பத்துப் பதினைந்து டாலர்.

மறுநாள் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டது. ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். வெளியே குளிர் ஏற ஏற உள்ளே அளவைக் குறைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஜன்னல் சட்டம் பூஞ்சை பிடிக்கும். குறைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"எத்தனை காட்டுது?"

"முப்பத்தஞ்சு."

"எது காட்டுது?"

"சுவத்துல இருக்கற மீட்டர்ப்பா."

"அதை எவன் சரி பார்த்தான்?"

அன்று மாலை இரண்டு தெர்மாமீட்டர்கள் வாங்கினேன். ஒன்றின் குமிழில் பழைய பருத்தி பனியன் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினேன்.