ஹாரூன் ரஷீதின் மணிக்கூட்டுக்குள் ஷைத்தான் இருக்கவில்லை

கொஞ்சம் நீண்ட பதிவு, நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

நம் ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு கதை அடிக்கடி சுற்றி வருகிறது. கலீபா ஹாரூன் அர்ரஷீத் ஐரோப்பிய மன்னர் சார்லமேனுக்கு ஒரு மணிக்கூட்டை அன்பளிப்பாக அனுப்பினாராம். அது தானாகவே ஒலி எழுப்பியதும் அரசவையினர் நடுங்கிப்போய், உள்ளே ஷைத்தான் இருப்பதாக எண்ணிக் கோடரியால் உடைத்துப் போட்டார்களாம். பிள்ளைகள் வகுப்பிலும் இதைச் சொல்கிறார்கள். நேரங்கணிக்கும் சுற்றைச் செய்து காட்டும் நாளில் கட்டாயம் ஒருவராவது சொல்வார். அதனால் எழுதி வைக்கிறேன்.

மணிக்கூடு போனது உண்மை. கி.பி. 807இல் அது வந்து சேர்ந்ததைப் பிராங்கிய அரசின் ஆண்டுக் குறிப்பேடு பதிவு செய்திருக்கிறது. பித்தளையால் ஆனது, நீரால் இயங்குவது. ஒவ்வொரு மணித்தியாலம் முடியும்போதும் சிறிய பித்தளைக் குண்டுகள் விழுந்து கீழே இருந்த தாளத்தை ஒலிக்கச் செய்தன. 12 குதிரை வீரர்கள் 12 ஜன்னல்களால் வெளியே வந்தார்கள். எழுதியவர் பயப்படவில்லை, வியந்து ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பில் கோடரியும் இல்லை, ஷைத்தானும் இல்லை.

எனக்கு அந்தக் கதையில் பிடிக்காதது இதுதான்: அடுத்தவனை முட்டாளாக்கினால்தான் நம்மவர் செய்தது பெரிதாகத் தெரியும் என்று அது நினைக்கிறது. கதையை அனுப்பும் எவரும் அந்த மணிக்கூடு எப்படி வேலை செய்தது என்று சொல்வதில்லை. பெருமை அங்கேதான் இருக்கிறது.

1184இல் டமஸ்கஸுக்குப் போன பயணி இப்னு ஜுபைர், உமையா பள்ளிவாசலின் வாயிலருகே பார்த்த நீர் மணிக்கூட்டை விவரிக்கிறார். மணித்தியாலம் முடிந்ததும் இரண்டு பித்தளைப் பருந்துகள் குனிந்து, வாயிலிருந்த குண்டுகளைப் பித்தளைக் கிண்ணங்களில் போடும். ‘டங்’ என்ற சத்தம்தான் அறிவிப்பு. பிறகு 1206இல் அல்ஜஸரீ தன் புகழ்பெற்ற நூலை முடித்தார். 50 கருவிகளை, இன்னொருவர் பார்த்துச் செய்யக்கூடிய அளவுக்கு, படங்களோடு விளக்கியிருக்கிறார். அதில் ஆர்க்கிமிடீஸின் பெயரில் வழங்கிய வேலையிலிருந்து தான் எடுத்துக்கொண்டதை மறைக்காமல் சொல்கிறார். அவ்வளவு பெரிய மனிதருக்கு முன்னோர் பெயரைச் சொல்வது குறைவாகத் தெரியவில்லை.

அவருடைய யானை மணிக்கூட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யானையின் வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் அடியில் சிறு துளையுள்ள ஒரு கிண்ணம் மிதக்கும். துளையால் நீர் ஏறி ஏறி, சரியாக அரை மணித்தியாலத்தில் கிண்ணம் அமிழும். அமிழும்போது கயிற்றை இழுக்கும். மேலே இருந்து ஒரு குண்டு பாம்பின் வாயில் விழும். பாரத்தால் பாம்பு கீழே சாயும், சாயும்போது கிண்ணத்தைத் தூக்கி வெறுமையாக்கும். குண்டு தாளத்தில் விழுந்து ஒலிக்கும். பாம்பு மீண்டும் நிமிரும். அடுத்த அரை மணித்தியாலம் தொடங்கிவிடும்.

அந்தத் துளைக் கிண்ணம் அரபு நாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. தமிழில் நாழிகை வட்டில் என்பார்கள். நம் பக்கத்திலேயே அது இருந்தது. 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்தில் இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் அதை எழுதியிருக்கிறார். செம்புப் பாத்திரம், அடியில் மிகச் சிறு துளை, மண்பானைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள், நிறைந்து அமிழ்ந்தால் ஒரு ‘பெய’. பகலுக்கு 30, இரவுக்கு 30. கணக்குப் பார்த்தால் ஒன்று 24 நிமிடம், நம் நாழிகையேதான். இன்று சிங்களத்தில் மணித்தியாலத்தைக் குறிக்க நாம் பேசும் ‘பெய’ என்ற சொல் அதுதான். மாத்தளையும் அந்த இராச்சியத்துக்குள்தான் இருந்தது.

நொக்ஸ் இன்னொன்றும் சொல்கிறார். இதை அரசரைத் தவிர அநேகமாக வேறு யாரும் பாவிப்பதில்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருக்க அரசர் ஓர் ஆளை வைத்திருந்தார் என்று. கண்டியில் கிண்ணத்தைத் தூக்கி வைக்க ஒரு மனிதன் விழித்திருந்தான். அல்ஜஸரீ அந்த வேலையைப் பாம்பிடம் கொடுத்தார். (தோட்டத்துப் பிரட்டுத் தப்பும், ஸஹருக்கு ரபான் தட்டி எழுப்பிய பாவாமார்களும் கூட, நமக்காக விழித்திருந்தவர்கள்தானே.)

இனி 555க்கு வருவோம். எட்டுக் கால் உள்ள அந்தச் சின்னக் கறுப்புச் சிப். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்கா போன ஹான்ஸ் கமென்சிண்ட், சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக 1971இல் வடிவமைத்தார். 1972இல் சந்தைக்கு வந்தது. உள்ளே சுமார் 25 திரான்சிஸ்டர்கள், 15 தடையிகள். அதன் வரைபடத்தைக் கணினி இல்லாமல் கையாலேயே வெட்டியெடுத்தார்.

உள்ளே மூன்று 5,000 ஓம் தடையிகள் இருப்பதால்தான் 555 என்று பெயர் வந்தது என்பார்கள். அதுவும் ஷைத்தான் கதை மாதிரித்தான். அந்த எண்ணை வைத்தது நிறுவனத்தின் விற்பனைப் பக்கத்து அதிகாரி என்று கமென்சிண்டே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மூன்று தடையிகளும் செய்யும் வேலை முக்கியமானது. பற்றரியின் அழுத்தத்தை மூன்று பங்காக்கி, ஒன்றின் கீழ் மூன்று, இரண்டின் கீழ் மூன்று என்று இரண்டு கோடுகளைப் போட்டு வைக்கின்றன.

கொள்ளளவிதான் நம் கிண்ணம். தடையிதான் அதன் துளை. மின்னேற்றம் மெல்ல மெல்ல நிறையும். மேற்கோட்டைத் தொட்டதும் சிப் கண்டுபிடித்துவிடும்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு: 4ஆம், 8ஆம் கால்களை 9 வோல்ற்று பற்றரியின் நேர் முனைக்கும், 1ஆம் காலை மறை முனைக்கும் கொடுங்கள். 2ஐயும் 6ஐயும் ஒன்றாகச் சேருங்கள். அந்தச் சந்தியிலிருந்து நேர் முனைக்கு 330 கிலோ ஓம் தடையி, மறை முனைக்கு 470 மைக்ரோ பரட் மின்பகு கொள்ளளவி. கொள்ளளவியின் மறைக் கால் மறை முனைப் பக்கம் இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் பழுதாகும். பஸரை நேர் முனைக்கும் 3ஆம் காலுக்கும் இடையில் பூட்டுங்கள், அதன் நேர்க் கால் பற்றரிப் பக்கம். ஆளியைப் போட்டதும் பஸர் அமைதியாக இருக்கும். நேரம் முடிந்ததும் கத்தத் தொடங்கும், நிறுத்தும்வரை கத்தும்.

நேரம் = 1.1 × தடை × கொள்ளளவு. இங்கே 171 செக்கன், கிட்டத்தட்ட மூன்று நிமிடம். பேச்சுப் போட்டிக்கு மணியடிக்கப் போதும். மீண்டும் தொடங்க, கொள்ளளவியின் இரு முனைகளையும் ஓர் அழுத்து ஆளியாலும் 100 ஓம் தடையியாலும் இணைத்து ஒருமுறை அழுத்துங்கள். கிண்ணத்தைத் தூக்கி வெறுமையாக்கும் கண்டி அரசரின் ஆள் இங்கே நீங்கள்தான். 7ஆம் கால் இந்தச் சுற்றில் சும்மா இருக்கிறது. அதையும் சேர்த்தால் சிப் தானாகவே வெறுமையாக்கித் திரும்பத் திரும்பத் தொடங்கும். யானைக்குள் இருந்த பாம்பு அதுதான்.

அரை மணித்தியாலத்துக்கு வேண்டும் என்று தடையியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பஸர் ஒலிக்கவே ஒலிக்காது. பெரிய மின்பகு கொள்ளளவிகள் உள்ளுக்குள் கொஞ்சம் கசியும். வருவதும் போவதும் சமமானால் கோடு தொடப்படாது. அளவும் எழுதியிருப்பதைவிட 20 சதவீதம் கூடிக் குறையலாம். ஆகவே தொலைபேசியில் நேரம் பார்த்து, தடையியை மாற்றி மாற்றிச் சரி செய்ய வேண்டும்.

வீட்டில் பழுதான பற்றரி ரேடியோ, விளையாட்டுச் சாமான்கள் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். பற்றரியைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். தடையி, கொள்ளளவி, சிலவேளை ஒரு நல்ல பஸரும் அதிலிருந்து கிடைக்கும். 555ஐ மட்டும் கடையில் வாங்கினால் போதும்.